விரலைக் காக்கும் மேஜை ரம்பம் எது?
மும்பை ஆசாரிகள் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

மும்பையில் புது பிளாட்டின் சாவி கைமாறியதும் முதலில் உள்ளே நுழைகிறவர்கள் ஆசாரிமார்களே. சமையலறை ராக், அலமாரி, கட்டில் என்று இரண்டு மாதம் அங்கேயே வேலை, அங்கேயே சமையல், அங்கேயே தூக்கம். நெல்லை, தென்காசி, குமரிப் பக்கம் இருந்து வந்தவர்களும் இவர்களில் உண்டு.

அந்த வீடுகளில் ஒரு காட்சியைக் காணலாம். பிளைவுட் பலகையில் நீளமாக ஒரு துளை. அதன் அடியில் மார்பிள் கட்டர் தலைகீழாகத் திருகி மாட்டப்பட்டிருக்கும். சுவிட்ச் எப்போதும் 'ஆன்'தான். பிளக்கைச் செருகினால் ஓடும், பிடுங்கினால் நிற்கும். பிளேடுக்கு மூடி கிடையாது. இதுதான் கைச்செலவில் தயாரான 'டேபிள் சா'!

மார்பிள் கட்டர் கல் அறுக்கச் செய்த கருவி. நிமிடத்துக்கு 12 ஆயிரம் சுற்றுக்கு மேல் ஓடக்கூடியது. மரம் அறுக்கும் பிளேடு எவ்வளவு வேகம் தாங்கும் என்பது அதன் மீதே அச்சாகி இருக்கும். அந்த எண் கட்டரின் வேகத்துக்குக் குறைவாக இருந்தால் பல் தெறிக்கலாம். அதை விடப் பெரிய ஆபத்து வேறொன்று.

மரம் ஏன் திருப்பி அடிக்கிறது?

பலகை அறுபடும்போது பிளவு சில நேரம் சேர்ந்துகொண்டு பிளேடின் பின்பக்கத்தைக் கவ்வும். பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி வருபவை. அவை பலகையைத் தூக்கி, அறுப்பவர் மீதே வீசும். பலகை போன வேகத்தில், அதைப் பிடித்திருந்த கை பிளேடின் மேல் விழும். எல்லாம் கண் இமைக்கும் நேரம்.

இதைத் தடுக்கவே, விலைக்கு வரும் டேபிள் சாவில் பிளேடுக்குப் பின்னால் ஒரு தகடு நிற்கிறது. அறுத்த பிளவு சேராமல் அது பார்த்துக்கொள்ளும். பிளேடை ஏற்றினால் ஏறும், இறக்கினால் இறங்கும். அதற்கு மேல் பிளாஸ்டிக் மூடி. வாங்கிய மறுநாளே இரண்டையும் இடைஞ்சல் என்று கழற்றி மூலையில் போட்டு விடுகிறார்கள். மூடியைக் கழற்ற வேண்டிய வேலை சில உண்டு. தகட்டைக் கழற்ற வேண்டிய வேலை பிளைவுட்டில் அனேகமாக இல்லை.

விரலுக்கு என்ன விலை? 1923-ல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை, கட்டை விரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு என்றும், ஆட்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீதம் என்றும் கணக்கிட்டது. அது முதலாளியிடம் வேலை பார்ப்பவருக்கு. தானே காண்டிராக்ட் எடுத்துச் செய்யும் ஆசாரி யாரிடம் போய்க் கேட்பார்?

எதை வாங்கலாம்?

நாகதேவி தெருக் கடைகளில் விசாரித்தால் போஷ், மகிதா, டிவால்ட் ஆகிய பெயர்கள்தான் அதிகம் காதில் விழும். மார்பிள் கட்டரைப் போல் பத்து மடங்கு விலை கேட்கும் சாமான் என்பதால், முதலில் தன் வேலை என்ன என்பதை ஆசாரி தீர்மானித்துக்கொள்வது நல்லது.

8-க்கு 4 பிளைவுட்டை நெடுக்கில் சரிபாதியாகக் கிழிக்க 24 அங்குல இடம் வேண்டும். டிவால்ட் 7485 என்ற சிறிய மெஷினில் கைடை 24½ அங்குலம் வரை தள்ளலாம். எடை சுமார் 22 கிலோ. லிப்ட் இல்லாத கட்டிடத்தில் ஒருவரே தூக்கி விடலாம். ஆனால் பிளேடு 8¼ அங்குலம்தான். இரண்டரை அங்குலத்துக்கு மேல் கனமான மரம் இதில் ஒரே அறுப்பில் அடங்காது.

தேக்கு நிலை, சட்டம் என்று கட்டை வேலை செய்பவருக்குப் பத்து அங்குல பிளேடு தேவை. போஷ் ஜி.டி.எஸ். 10 ஜே 1,800 வாட் மோட்டாருடன் நிமிடத்துக்கு 3,650 சுற்று ஓடுகிறது. மகிதா எம்.எல்.டி. 100-ன் மோட்டார் 1,500 வாட். எடை 30 கிலோவைத் தாண்டும். ஒரே இடத்தில் மாதக்கணக்கில் கிடக்கும் வேலைக்கு அந்த எடை நல்லதுதான், ஆடாமல் நிற்கும்.

மோட்டாரை விட முக்கியம் கைடு. அது பிளேடுக்கு ஒரு நூல் கோணினாலும் பலகை கருகும், திருப்பியும் அடிக்கும். டிவால்ட் மெஷின்களில் குமிழைத் திருகினால் கைடின் இரு முனையும் பல்சக்கரத்தில் ஒன்றாக நகரும். கையால் நகர்த்திப் பூட்டும் கைடு என்றால், ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் டேப் வைத்துப் பார்ப்பதே முறை. கடையிலேயே நாலு தடவை பூட்டித் திறந்து பார்ப்பதில் தப்பில்லை. கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்!

1,800 வாட் மெஷின் எட்டு ஆம்பியர் இழுக்கும். விளக்குக்கான சிறிய பிளக் பாயிண்ட் தாங்காது. 16 ஆம்பியர் பாயிண்ட்டும் கனமான வயரும் வேண்டும். அமெரிக்காவில் இருந்து மச்சான் கொண்டுவந்து தரும் மெஷின் 120 வோல்ட்டுக்கானது. இங்கே நேராகச் செருகினால் மோட்டார் புகைந்து விடும்.

தானே நிற்கும் ரம்பம்

விரல் பட்டதும் தானே நிற்கும் ரம்பமும் உண்டு. ஸ்டீபன் காஸ் என்ற அமெரிக்கர் 1999-ல் கண்டுபிடித்தது. மனித உடலில் மின்சாரம் பாயும் தன்மையை வைத்து விரலை அடையாளம் கண்டு, அலுமினியக் கட்டை ஒன்று பிளேடில் பாய்ந்து சில மில்லி விநாடிகளில் நிறுத்தி விடும். சாஸ்டாப் என்ற அந்தக் கம்பெனி, எடுத்துச் செல்லும் மாடலை 2015-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரு முறை நின்றால் அந்தக் கட்டை வீண், பிளேடும் பெரும்பாலும் வீண். ஈர மரத்தையும் விரல் என்று எண்ணி நின்று விடக்கூடும். அது இல்லாத மெஷினில் தள்ளுகட்டைதான் காவல். பிளைவுட் துண்டில் பத்து நிமிடத்தில் வெட்டிக்கொள்ளலாம், காசும் கிடையாது.

ஊரில் பட்டறை போட மெஷினைக் கொண்டுபோக நினைப்பவர்கள் கவனிக்க: ரயிலில் இரண்டாம் வகுப்புப் பயணிக்கு 35 கிலோவும், ஸ்லீப்பரில் 40 கிலோவும் இலவசம். ஆனால் பெட்டி ஒரு மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரத்துக்குள் இருக்க வேண்டும். டேபிள் சா உயரத்தில் இடிக்கும். சீட்டுக்கு அடியில் தள்ளிப் பார்ப்பதை விட, ரயில் புறப்படும் முன்பே பார்சல் ஆபீசுக்குப் போய் பிரேக் வேனில் புக் செய்து, பிளேடைக் கழற்றித் தனியாகச் சுற்றிக் கையில் இல்லாமல் பெட்டிக்குள்ளேயே வைப்பது நல்லது.