ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில் இருப்பார்!

மும்பை தாராவி 90 அடி சாலை. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. கறிக்கடைகளில் வரிசை நீண்டு நிற்கிறது. நிற்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். தோளில் துண்டு, கையில் பை. பக்கத்தில் ஒரு சிறுவனோ, சிறுமியோ அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்தபடி நிற்கிறார்கள்.

மற்ற ஆறு நாட்களும் அந்தக் குழந்தை கண் விழிக்கும்போது அப்பா ரெயிலில் இருப்பார். இரவு அது தூங்கிய பிறகுதான் வீடு திரும்புவார். அப்பாவைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது வாரத்தில் ஒரு நாள்தான். தாராவியில் மட்டும் அல்ல. சயான் கோலிவாடா, செம்பூர், முலுண்டு, டோம்பிவிலி என்று நம்மவர்கள் குடியிருக்கும் எல்லா இடத்திலும் இதே கதைதான்.

எல்லோருக்கும் அந்த ஒரு நாளும் கிடைப்பதில்லை. அதிகாலையில் சைக்கிளில் இட்லிப் பானையைக் கட்டி, ஹாரன் அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறவருக்கு ஞாயிறுதான் நல்ல வியாபாரம். ஊரில் தங்கை கல்யாணம், வீட்டுக் கடன் என்று ஓவர்டைம் பார்க்கிறவரையும் குறை சொல்ல முடியாது. ஆனால், கடன் தீர்ந்த பிறகும் பழக்கத்தினால் ஞாயிற்றுக்கிழமையை விற்றுவிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய பழைய கதை ஒன்று இருக்கிறது. அதுவும் இதே ஊரில் நடந்த கதை.

லீவு வந்த கதை

பம்பாய் பஞ்சாலைகளில் ஒரு காலத்தில் வார விடுமுறை என்பதே கிடையாது. சூரியன் உதித்ததில் இருந்து அஸ்தமிக்கும் வரை வேலை. அதை எதிர்த்துக் கிளம்பியவர் நாராயண் மேகாஜி லோகாண்டே. 1848-ல் பிறந்தவர். மகாத்மா ஜோதிராவ் புலேயின் வழியில் வந்தவர். ரெயில்வேயிலும் தபால் இலாகாவிலும் வேலை பார்த்தார். பிறகு மில் ஒன்றில் ஸ்டோர் கீப்பர் ஆனார். அதாவது, இன்று சர்ச்கேட்டிலும் கோட்டைப் பகுதியிலும் பைல் பார்க்கும் நம் குமாஸ்தாக்களைப் போன்ற மனிதர்தான்.

அவர் 1884-ல் தொழிலாளர்களைத் திரட்டி, வாரம் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று கேட்டார். உடனே கிடைக்கவில்லை. ஆறு ஆண்டுகள் விடாமல் போராட வேண்டியிருந்தது. 1890-ம் ஆண்டு ஜூன் 10-ந் தேதி மில் முதலாளிகள் இறங்கி வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை ஆயிற்று. லோகாண்டே 1897-ல், பிளேக் நோய் பரவிய காலத்தில் காலமானார். 2005-ல் அவர் படத்துடன் தபால் தலை வெளியிடப்பட்டது.

100 ரூபாயில் பென்குயின்

ஞாயிறு என்றதும் பலர் சினிமாவுக்கும் மாலுக்கும் ஓடுகிறார்கள். நான்கு பேர் உள்ள குடும்பம் மாலுக்குள் நுழைந்து வெளியே வந்தால் ஊருக்கு அனுப்ப வேண்டிய பணத்தில் பாதி போய்விடும். குழந்தைகள் அங்கே பார்ப்பது என்ன? கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் விலைச்சீட்டு!

கண்ணாடிக்குப் பின்னால் பார்க்க வேண்டியது பைகுல்லாவில் இருக்கிறது. ஜிஜாமாதா உத்யான். ராணி பாக் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். 1862-ல் திறக்கப்பட்ட தோட்டம் இது. தென் கொரியாவின் சியோல் நகரில் இருந்து 2016-ல் எட்டு ஹம்போல்ட் பென்குயின்களைக் கொண்டுவந்தார்கள். 2017 மார்ச் முதல் மக்கள் அவற்றைப் பார்த்து வருகிறார்கள். பெரு, சிலி நாட்டுக் கடற்கரைகளில் வாழும் பறவை, இங்கே குளிரூட்டிய அறையில் நீந்துகிறது. குஞ்சும் பொரித்துக் குடும்பம் பெருகிவிட்டது. பிழைக்க வந்த இடத்தில் குடும்பம் நடத்துவது நமக்கு மட்டும் உரியது அல்ல போலும்!

1917 அல்ல, 2017-ல் கட்டணத்தை உயர்த்தியபோது கூட, தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள் கொண்ட குடும்பத்துக்கு 100 ரூபாய் என்றுதான் வைத்தார்கள். சயானில் ஸ்லோ ரெயில் ஏறினால் ஏழாவது நிறுத்தம் வருவதற்குள் பைகுல்லா வந்துவிடும். கிழக்குப் பக்கம் இறங்கி நடந்தே போகலாம். அப்பாவிடம் சீசன் பாஸ் இருந்தால் மற்றவர்களுக்கு மட்டும் டிக்கெட் எடுத்தால் போதும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஞாயிறு என்றாலே மெகா பிளாக். தண்டவாளப் பணிக்காகப் பகலில் பல மணி நேரம் ரெயில்களைத் திருப்பி விடுவார்கள், சிலவற்றை ரத்தும் செய்வார்கள். எந்தப் பாதையில், எத்தனை மணி வரை என்பதை சனிக்கிழமையே பார்த்துவிட வேண்டும். பார்க்காமல் போய், கைக்குழந்தையுடன் பிளாட்பாரத்தில் வேகும் குடும்பங்களை ஒவ்வொரு வாரமும் காணலாம்.

கல் யானை

பென்குயினைப் பார்த்ததும் திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். தோட்டத்தை ஒட்டி இருக்கும் பாவு தாஜி லாட் அருங்காட்சியகத்தின் பக்கம் ஒரு கல் யானை நிற்கிறது. அதைக் குழந்தைகளுக்குக் கட்டாயம் காட்ட வேண்டும்.

அது கடலுக்கு நடுவே உள்ள காராபுரித் தீவில் நின்ற யானை. அதைப் பார்த்துத்தான் போர்ச்சுக்கீசியர் அந்தத் தீவுக்கு எலிபெண்டா என்று பெயர் வைத்தார்கள். 1864-ல் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப் பார்த்தார்கள். தூக்கும்போது கீழே விழுந்து துண்டு துண்டாக உடைந்துவிட்டது. பிறகு துண்டுகளைச் சேர்த்து ஒட்டி இங்கே நிறுத்தினார்கள். உற்றுப் பார்த்தால் ஒட்டுப் போட்ட இடங்கள் தெரியும். எந்தக் கோடு எங்கே போகிறது என்று குழந்தைகளைத் தேடச் சொன்னால் அரை மணி நேரம் போவதே தெரியாது. தோட்டத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் புதன்கிழமை விடுமுறை.

ரெயில் ஏற மனம் இல்லாதவர்களுக்குத் தாராவி டெப்போ எதிரிலேயே மராட்டிய இயற்கைப் பூங்கா இருக்கிறது. நகரத்துக் குப்பையைக் கொட்டிய மேடு அது. அதை மண் போட்டு மூடி, மரம் நட்டு வளர்த்து, 1994-ல் திறந்தார்கள். 37 ஏக்கர். பக்கத்திலேயே குடியிருந்தும் உள்ளே கால் வைக்காத நம்மவர்கள் எத்தனையோ பேர்!

கிளியும் பூனையும்

பத்துக்குப் பத்து அறையில் நாய் வளர்ப்பது கடினம். ஆனாலும் செல்லப்பிராணி இல்லாத சந்து கிடையாது. எலிக்குப் பயந்து வளர்த்த பூனை, பரண்மேல் குட்டி போட்டிருக்கும். ஜாம் பாட்டிலில் ஒரு மீன் சுற்றிக்கொண்டிருக்கும். கூண்டைக் கழுவுவது, பூனைக்குட்டிக்குப் பெயர் வைப்பது எல்லாம் ஞாயிற்றுக்கிழமை வேலைகள்.

பச்சைக்கிளி வளர்ப்பவர்கள் மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பது 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஊரில் தாத்தா வளர்த்தார், சீட்டு எடுக்கும் ஜோசியரும் வைத்திருந்தார் என்பதெல்லாம் செல்லாது. லவ் பேர்ட்ஸ் என்று கடைகளில் விற்கும் சிறு பறவை ஆஸ்திரேலிய இனம். அதற்கு இந்தத் தடை இல்லை. பூனைக்கோ நாய்க்கோ உடம்பு சரியில்லை என்றால் பரேலில் பாய் சாகர்பாய் பெயரில் கால்நடை ஆஸ்பத்திரி உள்ளது. 1880-களில் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. வெறிநாய்க்கடித் தடுப்பூசியை ஆண்டுதோறும் போட்டுவிடுவது நல்லது. குழந்தைகள் புரளும் வீடு அல்லவா?

மாலையில்

ஆறு மணிக்கு மேல் ஊருக்குப் போன் போகும். பாட்டி மறுமுனையில். முதலில் மழை, பிறகு பணம், பிறகு யார் வீட்டில் விசேஷம் என்று பெரியவர்கள் பேசி முடித்ததும் போன் பேரன் கைக்கு வரும். அவன் பென்குயினைப் பற்றிச் சொல்லத் தொடங்குவான். பாதி இந்தி, கொஞ்சம் மராத்தி. பாட்டிக்குப் புரியாது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கொடுப்பார். பறவைதான், ஆனால் பறக்காது. மீன் தின்னும். வாத்து மாதிரி நடக்கும்.

பறக்காத பறவையை எதற்குக் கண்ணாடிக்குள் அடைத்தார்கள் என்று பாட்டி கேட்பாள். அதற்குப் பேரனிடம் பதில் இருக்காது. அப்பாவைத் திரும்பிப் பார்ப்பான்.