பழைய நிழற்படமும் பாட்டனாரின் சீருடையும்

குடும்பங்களிற் பாதுகாத்து வைக்கப்படும் பழைய நிழற்படங்களுள், படைவீரரின் சீருடை தரித்து நிற்கும் ஒருவரின் படம் பின்வந்தோரின் உள்ளத்தில் ஒரு தனி ஆவலை எழுப்புவதாகும். அவருடைய பெயர் தெரிந்திருக்கும். போருக்குச் சென்றவர் என்னும் செய்தியும் வாய்மொழியாக வந்திருக்கும். எந்தப் படைப்பிரிவிற் சேர்ந்தார், எந்த ஆண்டிற் கடல் கடந்தார், காயமுற்றாரா என்னும் வினாக்களுக்கு மட்டும் விடை கூற எவரும் எஞ்சியிருப்பதில்லை. அவ்விடைகளிற் பல அவர் அணிந்துள்ள உடையிலேயே பொதிந்து கிடக்கின்றன.

பிரித்தானியாவில் இவ்வாராய்ச்சி பெருமதிப்புப் பெற்றிருப்பதற்கு ஒரு துயரமான காரணம் உண்டு. 1914 முதல் 1918 வரை நடந்த முதலாம் உலகப் போரிற் கலந்துகொண்ட பிரித்தானியப் படைவீரரின் சேவைப் பதிவேடுகள், இலண்டனின் வால்வேர்த் பகுதியிலே ஒரு களஞ்சியத்தில் வைக்கப்பட்டிருந்தன. 1940 செப்டெம்பரில் ஜேர்மன் விமானங்கள் வீசிய குண்டுகளால் அக்களஞ்சியம் தீப்பற்றியது. ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது பங்குப் பதிவேடுகள் சாம்பராயின. எஞ்சியவை, கருகிய விளிம்புகளோடு, இன்று கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பதக்கம் பெற்றோரைக் குறிக்கும் அட்டைகள் தப்பிப் பிழைத்தனவாயினும், அவற்றில் ஒரே பெயருடையோர் பலர். போதாக்குறைக்கு, 1920 வரை ஒவ்வொரு பிரிவும் தன் வீரருக்குத் தானே இலக்கமிட்டமையால், ஒரே இலக்கமும் பலருக்கு உரியதாயிற்று. படைப்பிரிவு இன்னதென்று தெரிந்தாலன்றி உரியவரைப் பிரித்தறிதல் அரிது. அதனைத் தெரிவிக்கவல்ல ஒரே சாட்சி சில குடும்பங்களில் நிழற்படமே.

படத்தை ஆராயத் தொடங்குமுன் அது நேரானதோ, கண்ணாடியிற் காண்பதுபோல் இடம் வலமாக மாறியதோ என்று நோக்குதல் வேண்டும். தகரத் தகட்டில் எடுக்கப்பட்ட பழைய படங்கள் அவ்வாறு மாறியே அமையும். ஆண்களின் மேற்சட்டையில் இடப்பக்கத் துணி வலப்பக்கத் துணியின் மேற் படிந்து பொத்தானிடப்பெறும். படத்தில் இது தலைகீழாகத் தோன்றினால் படமே மாறியுள்ளதென்று கொள்ளலாம். சில அடையாளங்கள் வலக்கைக்கும் வேறு சில இடக்கைக்கும் உரியன. ஆதலின் இதனை முதலில் தெளிந்துகொள்ளாவிடின் பின்வரும் முடிபுகள் யாவும் பிழைபடும்.

அடுத்து நோக்கத்தக்கது தொப்பிச் சின்னம். அதனைப் பெருக்குக் கண்ணாடியால் நோக்கும்போதும் அவசர முடிபு ஆகாது. கோட்டையும் திறவுகோலும் பொறித்த சின்னத்தை எடுத்துக்கொள்வோம். 1779 முதல் 1783 வரை நடந்த ஜிப்ரால்டர் முற்றுகையை நினைவூட்டும் அவ்வுருவம் சஃபோக், எசெக்ஸ், நோர்தாம்ப்டன்சயர், டோர்செட் ஆகிய நான்கு றெஜிமெந்துகளின் சின்னங்களிலும் இடம்பெற்றது. கோட்டையைச் சூழ்ந்திருப்பது வட்டமா, இலை வளையமா, மேலே எகிப்திய ஸ்பிங்ஸ் உருவம் உண்டா என்பவற்றைக் கொண்டே அவற்றைப் பிரித்தறியலாம். மேலும், தொப்பிச் சின்னம் றெஜிமெந்தை மட்டுமே காட்டும். போர்க்காலத்தில் ஒரு றெஜிமெந்தில் இருபதுக்கும் மேற்பட்ட பட்டாலியன்கள் இருந்ததுண்டு. தோளிலுள்ள பித்தளை எழுத்துக்கள் சில வேளைகளில் அதனையும் உணர்த்தும். மேலே ஆங்கில 'ரி' எழுத்தும், நடுவே ஓர் இலக்கமும், கீழே மாவட்டப் பெயரும் அமைந்திருந்தால், அவர் பிரதேசப் படையின் அவ்விலக்கப் பட்டாலியனைச் சேர்ந்தவராவர்.

சின்னங்களிற் சில காலத்தையும் வரையறுக்கும். குறுக்காக வைத்த இரு இயந்திரத் துப்பாக்கிகளும் முடியும் கொண்ட சின்னம் இயந்திரத் துப்பாக்கிப் படைக்குரியது. அப்படை 1915 ஒக்டோபரில் அமைக்கப்பட்டு 1922 இற் கலைக்கப்பட்டது. ஆகவே அச்சின்னமுள்ள படம் 1915 ஒக்டோபருக்கு முந்தியதாக இருத்தல் இயலாது.

இனி, சட்டைக் கைகளை நோக்குவோம். மேற்கையில், முனை கீழ்நோக்கியிருக்கும் கோணப் பட்டிகள் பதவியைக் குறிப்பன: இரண்டு கோப்ரலுக்கும் மூன்று சார்ஜன்றுக்கும் உரியன. இடது முன்கையில், முனை மேல்நோக்கியிருக்கும் பட்டிகள் பதவியைக் குறிக்கமாட்டா. அவை சாதாரண வீரரின் நன்னடத்தைக்காக வழங்கப்பட்டவை. இவற்றைப் பதவிப் பட்டியென்று மயங்கிப் பாட்டனாரைச் சார்ஜன்றாக உயர்த்திவிடும் குடும்பங்கள் பல. அதே இடது முன்கையிற் செங்குத்தாக நிற்கும் சிறு பொன்னிழைப் பட்டி காயமுற்றமைக்கு அடையாளம்; 1916 இல் ஏற்படுத்தப்பட்டதாயினும், போரின் தொடக்கத்திலிருந்து பெற்ற காயங்களுக்கும் அது பொருந்தும். வலது முன்கையின் கீழ்ப்பகுதியில், முனை மேல்நோக்கிய சிறு பட்டிகள் கடல்கடந்த சேவையைக் காட்டுவன. இவை 1918 இன் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தன. 1914 முடிவதற்குள் கடல் கடந்தவருக்கு முதற்பட்டி சிவப்பு. ஏனைய யாவும் நீலம்.

கறுப்பு வெள்ளைப் படத்திற் சிவப்பையும் நீலத்தையும் அறிவதெப்படி என்று நேயர்கள் வினவலாம். அக்காலத்திற் பரவலாக வழங்கிய படத்தகடுகள் சிவப்பொளியை ஏற்பதில்லை. நீலத்தையோ மிகுதியாக ஏற்கும். ஆகவே சிவப்புப் பட்டி கரியதாகவும், நீலப் பட்டி வெளிறியதாகவும் தோன்றும். பதக்க நாடாக்களை நோக்கும்போதும் இது நினைவில் இருத்தற்குரியது.

இவ்வடையாளங்களை இணைத்து நோக்கும் முறைக்கு, கற்பனையாக ஒரு படத்தைக் கொள்வோம். வீரர் ஒருவர் இயந்திரத் துப்பாக்கிப் படையின் சின்னத்தை அணிந்துள்ளார். இடது முன்கையிற் காயப் பட்டி ஒன்று. வலது முன்கையிற் சேவைப் பட்டிகள் நான்கு, அவற்றுள் அடியிலுள்ளது கரியது. சேவைப் பட்டிகள் இருத்தலால் படம் 1918 இலோ அதற்குப் பின்னரோ எடுக்கப்பட்டது. கரிய பட்டியால் அவர் 1914 இலேயே கடல் கடந்தமை புலனாகும். அவ்வாண்டில் இயந்திரத் துப்பாக்கிப் படை தோன்றவில்லை. எனவே அவர் வேறொரு றெஜிமெந்திற் சேர்ந்து போர்முனைக்குச் சென்று, பின்னரே இப்படைக்கு மாறினார் என்பது பெறப்படும். காலாட்படையிற் சேர்ந்தார் என்று ஒரு கிளையினரும், இயந்திரத் துப்பாக்கி இயக்கினார் என்று மறு கிளையினரும் வாதிட்டு வந்திருப்பின், இரு சாராரும் உண்மையே கூறினர் என்பது அப்போது தெளிவாகும்.

இம்முறை இலங்கைக் குடும்பங்களின் படங்களுக்கும் உதவவல்லது. இங்கு 1910 முதல் 1949 வரை இலங்கைப் பாதுகாப்புப் படையும், அதன் பின்னர் இலங்கை இராணுவமும் பிரித்தானிய மரபைத் தழுவிய சீருடைகளையே கொண்டிருந்தன. முடி பொறித்த சின்னமாயின், முடியின் வடிவமே ஒரு குறிப்பாகும். 1901 இல் ஏழாம் எட்வேட் மன்னர் பட்டமெய்தியபின் வழக்கிற்கு வந்த முடியின் வளைவுகள் மேல்நோக்கி உயர்ந்திருக்கும். 1952 இல் எலிசபெத் அரசியார் பட்டமெய்தியபின் வந்த முடியின் வளைவுகளோ நடுவிற் சற்றுத் தாழ்ந்திருக்கும்.

ஆராய்வோர் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கு ஒன்றுண்டு. கண்ணாற் கண்டதை ஒரு தாளிலும், அதிலிருந்து ஊகித்ததை வேறொரு தாளிலும் எழுதி வைத்தல் வேண்டும். படத்தின் ஓரத்தை வெட்டுதல் ஆகாது. பின்புறத்தையும் நோக்கத் தவறலாகாது. அங்கு அச்சிடப்பட்டிருக்கும் படப்பிடிப்பு நிலையத்தின் பெயரும் ஊரும், வீரர் பயிற்சி பெற்ற முகாமுக்கு வழிகாட்டக்கூடும். சின்னம் தெளிவாகத் தெரியாவிடின், தெரியவில்லை என்றே குறித்தல் நேர்மை. விருப்பத்தின் வழியே ஒரு றெஜிமெந்தைத் தெரிந்துகொண்டால், அதே பெயருடைய வேறொருவரின் பதக்க அட்டையும், வேறொருவரின் கல்லறையும் குடும்பத்துக்கு உரியனவாகிவிடும். அந்நியர் ஒருவரின் கல்லறையில் மலர் வைக்கப்படும். சொந்தப் பாட்டனாரோ தேடுவாரின்றிக் கிடப்பார்.