கர்ப்பவதியின் இருமல்

வயிற்றில் பிள்ளை இருக்கும்போது களைப்பு வருவது வழமை. சாப்பாடு மனம் ஒவ்வாது, சிறிது நடந்தாலும் மூச்சு வாங்கும். "பிள்ளைத்தாச்சி என்றால் இப்படித்தான்" என்று மாமியாரும் அயலவரும் சொல்வார்கள். பெரும்பாலும் அது சரியே. ஆனால் சயரோகம் எனப்படும் காசநோயும் இதே அறிகுறிகளுடன்தான் வருகிறது. கர்ப்ப காலத்தில் இந்நோய் பிந்திக் கண்டறியப்படுவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

மற்றக் காரணம் உடல் நிறை. சயரோகம் கண்டவர் மெலிவார் என்பது எல்லோருக்கும் தெரியும். கர்ப்பவதிக்கோ பிள்ளை வளர்வதால் நிறை கூடும். தாய் மெலிவது வெளியே தெரியாது. ஆகவே மெலிந்தாளா என்று பார்ப்பது போதாது, கூடவேண்டிய அளவுக்கு நிறை கூடியதா என்று பார்க்க வேண்டும். கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் நிறுத்துப் பதிவேட்டில் எழுதுவது வெறும் சடங்கு அல்ல. நிறை ஒரே இடத்தில் நின்று, இருமலும் இருந்தால், குடும்பநல உத்தியோகத்தரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

இருமல் இரண்டு வாரம் கடந்தால் பரிசோதனை தேவை. மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, சளியில் இரத்தம், கழுத்தில் நோவில்லாத கட்டி ஆகியவற்றையும் அலட்சியம் செய்யக்கூடாது. வீட்டில் எவருக்காவது சயரோகம் இருந்திருந்தால், கேட்கும்வரை காத்திராமல் தாமாகவே சொல்வது நல்லது.

முதலில் செய்யப்படுவது சளிப் பரிசோதனை. காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்து, திறந்த வெளியில் நின்று, ஆழமாக மூச்செடுத்து இருமி, நெஞ்சிலிருந்து வரும் சளியைப் போத்தலில் எடுக்க வேண்டும். உமிழ்நீரைக் கொடுத்தால் பயனில்லை. நுணுக்குக்காட்டியில் கிருமி தெரியாவிட்டால் நோய் இல்லை என்று முடிவுகட்டவும் முடியாது. 2010 இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட ஜீன்எக்ஸ்பேட் கருவி, நுணுக்குக்காட்டிக்கு அகப்படாத குறைந்த அளவு கிருமியையும் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் காட்டும். முக்கிய மருந்தாகிய ரிபாம்பிசினுக்குக் கிருமி பணியுமா என்பதையும் அதுவே சொல்லிவிடும்.

அடுத்தது எக்ஸ்றே. "பிள்ளைக்குக் கூடாது" என்று பல தாய்மார் இதை மறுத்துவிடுகிறார்கள். நெஞ்சுப் படம் ஒன்று எடுக்கும்போது கருப்பையைச் சென்றடையும் கதிர் மிகமிகச் சிறிது. வைத்தியர் அவசியம் என்று சொன்னால் எடுக்கலாம். கர்ப்பம் என்பதை மட்டும் படம் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். முன்கையில் ஊசி போட்டு 48 முதல் 72 மணித்தியாலத்தில் பார்க்கும் மன்ரூ சோதனையும் கர்ப்பவதிக்குத் தீங்கற்றது. ஆனால் அது கிருமி உடலில் புகுந்ததா என்பதையே காட்டும், நோயாக மாறியதா என்பதைக் காட்டாது. பி.சி.ஜி. ஊசி போட்டவர்களுக்கும் தடிக்கக்கூடும்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. சிகிச்சை பெறாத தாய்க்குக் குறைமாதப் பிரசவமும் நிறை குறைந்த பிள்ளையும் நேரலாம். பிறந்தபின் தாயின் இருமலோடு வெளிவரும் கிருமி குழந்தையைத் தொற்றும். பச்சிளங் குழந்தைகளில் இந்நோய் மூளைச் சவ்வுவரை விரைவாகப் பரவக்கூடியது. ஆனால் நோய் கண்டறியப்பட்டால் வழி இருக்கிறது. வழமையான ஆறு மாதச் சிகிச்சையைக் கர்ப்ப காலத்திலும் பெறலாம். பிள்ளையின் செவிப்புலனைக் கெடுக்கக்கூடிய ஸ்ரெப்ரோமைசின் ஊசியை மட்டும் தவிர்ப்பார்கள். இலங்கையில் அரசாங்க மார்புநோய்ச் சிகிச்சை நிலையங்களில் மருந்து இலவசம். தாய்ப்பாலும் கொடுக்கலாம்.

எங்கள் ஊர்களில் நோயைவிட ஊர்வாய்க்குப் பயந்து மறைப்பவர்களே அதிகம். தட்டையும் கோப்பையையும் வேறாக்கி வைப்பதால் எவருக்கும் நன்மையில்லை. இந்நோய் காற்றினால் பரவுவது. குளிருக்குப் பயந்து யன்னலைப் பூட்டிவைக்கும் சிறிய லயன் அறையே உண்மையான ஆபத்து.

பிரசவம் நெருங்கும்போது நோய் தெரியவந்தால், பிரசவ விடுதியில் அதைக் கட்டாயம் அறிவிக்க வேண்டும். குழந்தையைப் பரிசோதித்து, நோய் இல்லையெனில் தடுப்பு மருந்து தொடங்குவார்கள், அவ்வேளை பி.சி.ஜி. ஊசி பிற்போடப்படும். கணவரும், வீட்டில் நெடுநாளாக இருமிக்கொண்டிருக்கும் முதியவரும் பரிசோதனைக்குப் போகவேண்டும். தாய்க்கு நோய் வந்த வழி அங்கேயே இருக்கலாம்.