முதுமலைக்கு விருந்தாளிகளாய்ச் செல்வோம்!

சாத்தாங்காட்டில் சுபுஹுத் தொழுகையை முடித்துப் பள்ளிவாசலை விட்டு வெளியே வந்தால், முதலில் காதில் விழுவது கனரக லாரிகளின் இரைச்சல். இரும்பு அங்காடிக்குச் சரக்கு கொண்டுவரும் வண்டிகளும், துறைமுகம் நோக்கிச் செல்லும் கண்டெய்னர்களும் பகலிரவு பாராமல் ஓடுகின்றன. அந்தச் சாலையோரத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்குக் காடு என்பது பாடநூலில் அச்சான ஒரு படம். ஆண்டு விடுமுறையில் அவர்களை ஒருமுறையேனும் மலைக்காட்டிற்கு அழைத்துச் செல்வது வீண் செலவு ஆகாது. பூமியில் பயணம் செய்து படைப்பின் அத்தாட்சிகளைச் சிந்திக்குமாறு திருமறை நம்மைப் பலமுறை தூண்டுகிறது அல்லவா?

நம் மாநிலத்திலேயே அதற்கேற்ற இடம் ஒன்று உண்டு. அதுதான் நீலகிரி மாவட்டத்து முதுமலை. 1940இல் சரணாலயமாகத் தொடங்கப்பட்ட இக்காடு, 2007இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதன் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகவும் விளங்குகிறது.

மலையேறும் இரயில்

சென்னை சென்ட்ரலில் இரவு புறப்படும் நீலகிரி எக்ஸ்பிரஸ், விடியும் வேளையில் மேட்டுப்பாளையம் சேர்க்கும். அங்கிருந்து உதகைக்குச் செல்லும் மலை இரயிலில் பிள்ளைகளை ஏற்றுங்கள். 46 கிலோமீட்டர் தூரம், 16 குகைகள், ஏறக்குறைய 250 பாலங்கள்! கடல்மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரத்தில் புறப்படும் வண்டி, 2,200 மீட்டர் உயரத்தில் போய் நிற்கிறது. கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களின் நடுவே பற்களுடைய இரும்புச் சட்டங்கள் பதிக்கப்பட்டுள்ளன. இயந்திரத்தின் பற்சக்கரம் அவற்றைப் பற்றிப் பிடித்தே செங்குத்தான சரிவில் ஏறுகிறது. இயந்திரம் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிச் செல்வதும் ஒரு புதுமை. இரும்போடு புழங்கும் தந்தைமார்கள் தம் மக்களுக்கு இதை விளக்கிச் சொல்லலாம். 2005இல் யுனெஸ்கோ இந்தப் பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. இருக்கைகள் விரைவில் தீர்ந்துவிடுமாதலால் முன்பதிவு மிக அவசியம்.

சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ செல்வோர், இ-பாஸ் விதிகளைப் புறப்படுமுன் அறிந்துகொள்ளவேண்டும். உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு இம்முறை வந்தது. கோடையிலும் இரவில் குளிரும். கம்பளி உடையை மறவாதீர்.

காட்டில் காணவேண்டியவை

உதகையிலிருந்து கூடலூர் வழியாகத் தெப்பக்காட்டை அடையலாம். மாயாற்றங்கரையில் அமைந்த இவ்வூரில் வனத்துறையின் யானைகள் முகாம் இருக்கிறது. கேழ்வரகுக் களி, கொள்ளு, வெல்லம் ஆகியவற்றைப் பெரும் கவளங்களாக உருட்டிப் பாகன்மார் யானைகளுக்கு ஊட்டும் காட்சியைக் காணப் பிள்ளைகளுக்குக் கண் போதாது. தாயைப் பிரிந்த யானைக் குட்டிகளைப் பொம்மன், பெள்ளி தம்பதியர் வளர்த்ததும் இங்கேதான். அவர்களைப் பற்றிய ஆவணப்படம் 2023இல் ஆஸ்கர் விருது பெற்றது.

காட்டினுள் செல்ல வனத்துறை வாகனங்கள் உள்ளன. காலை வேளையே சிறந்தது. புள்ளிமான் கூட்டமும் காட்டெருமையும் பெரும்பாலும் தென்படும். புலியைக் காண்பது அரிது. காணாவிட்டாலும் மனம் சோரவேண்டாம். அது நம்மைக் கண்டிருக்கக்கூடும்! பேச்சைக் குறைத்து, பறவையொலியைக் கேட்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

வானத்தையும் பாருங்கள். மாயாற்றுப் பள்ளத்தாக்கு, அருகிவரும் பாறு கழுகுகளின் புகலிடம். மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோபினாக் என்னும் வலிமருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியே இப்பறவைகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து இலட்சக்கணக்கில் கொன்றது. கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தருவதை 2006இல் அரசு தடை செய்தது. மனிதன் ஓரிடத்தில் செய்வது, அவன் கண் காணாத இடத்தில் ஓர் உயிரைத் தொடுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

தொழுகையும் உணவும்

காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்தவோ இறங்கவோ கூடாது. ஆகவே தொழுகை நேரத்தைக் கணக்கிட்டே உலாவுக்குச் செல்லவேண்டும். பயணிக்குக் கஸ்ராகத் தொழும் சலுகையை மார்க்கம் அளித்திருக்கிறது. உதகையிலும் கூடலூரிலும் பள்ளிவாசல்கள் உண்டு. கூடலூர்ப் பகுதியில் முஸ்லிம்கள் பெருமளவில் வாழ்வதால் ஹலால் உணவுக்குச் சிரமமில்லை. காட்டினுள் தின்பண்டங்களைத் திறக்காதிருப்பதே நன்று. மணத்தை நுகர்ந்து குரங்குகள் வரும்.

விருந்தாளியின் ஒழுக்கம்

விலங்குகளையும் பறவைகளையும் நம்மைப் போன்ற சமுதாயங்களாகவே திருமறை அறிமுகப்படுத்துகிறது. எனவே காடு அவற்றின் வீடு. நாம் அங்கே விருந்தாளிகள். விருந்துக்குப் போன வீட்டில் கூச்சலிடுவோமா? எச்சிலையை நடுக்கூடத்தில் வீசுவோமா?

2025 மே மாதம் கோவை மருதமலை அடிவாரத்தில் ஒரு பெண் யானை இறந்தது. அதன் வயிற்றில் பிளாஸ்டிக் கழிவுகள் இருந்தன. கருவில் ஒரு குட்டியும் இருந்தது. யாரோ தின்றுவிட்டு வீசிய உறைகள்! வீசியவர் இந்நேரம் அதை மறந்தே இருப்பார்.

வடசென்னை மக்களாகிய நமக்கு இந்த வேதனையைப் பிறர் விளக்கவேண்டியதில்லை. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதியபோது கரையெங்கும் எண்ணெய் படிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, மீனவர்களின் படகும் வலையும் கறுத்தன. பிறருடைய கழிவு நம் வாசலில் வந்து சேர்ந்தால் எப்படி இருக்கும் என்பதை அனுபவித்தவர்கள் நாம். அந்தத் துன்பத்தை வாயில்லா ஜீவன்களின் வாசலுக்கு நாமே கொண்டு போகலாமா?

நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கும் பைகளுக்கும் தடை உண்டு. எவர்சில்வர் பாட்டிலும் துணிப்பையும் கொண்டு செல்லுங்கள். அபராதத்திற்கு அஞ்சி அல்ல, அமானிதம் பேணும் எண்ணத்தோடு! பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளையாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்திருக்கிறார்கள். யானையின் வழித்தடமும் ஒரு பாதைதான்.

ஊர் திரும்பியதும் பிள்ளைகளிடம், "என்னென்ன பார்த்தீர்கள்?" என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "எதை அங்கே விட்டு வராமல் வந்தோம்?" என்றும் கேளுங்கள். மலையில் கற்ற அந்தப் பழக்கம் நம் தெருவுக்கும், எண்ணூர்க் கழிமுகத்திற்கும் வந்து சேருமானால், இன்ஷா அல்லாஹ், அதுவே அப்பயணத்தின் பெரும் பேறாகும்.