மோட்டார் சைக்கிளின் திராட்டில் சென்சாரும் அதன் பழுதும்

கொங்கு நாட்டுக் கிராமங்களில் மோட்டார் சைக்கிள் என்பது சவாரிக்கு மட்டும் உரிய வாகனமன்று. விடியற்காலையில் பால் கேன்களைச் சங்கத்திற்குக் கொண்டு செல்வதும், தோட்டத்திற்கு உரமூட்டை சுமப்பதும், மாலையில் சோளத்தட்டுக் கட்டை ஏற்றி வருவதும் அதுவேயாகும். அது ஒரு நாள் முடங்கினால் குடும்பத்தின் வேலையில் பாதி முடங்கிவிடுகிறது. ஆகவே, அதன் பழுதுகளில் அண்மைக் காலமாக அடிக்கடி பேசப்படும் ஒன்றைப்பற்றி விவசாயப் பெருமக்களுக்கும் ஊராட்சி உறுப்பினர்களுக்கும் விளக்கிக் கூறுவது பொருத்தமாகும் என்று கருதுகிறேன்.

எமது ஒன்றியத்தைச் சேர்ந்த விவசாயி ஒருவர், பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்த தம் மோட்டார் சைக்கிளில் பல்லடம் சாலையைக் கடக்க முற்பட்டார். ஆக்ஸிலேட்டரை விட்டுப் பிரேக்கைப் பிடித்த கணத்தில் வண்டி அணைந்து போயிற்று. பால் கேன்களோடு நடுச்சாலையில் நின்ற அவரை, எதிரே வந்த பேருந்தின் ஓட்டுநர் விழிப்பாயிருந்தமையால் ஆபத்து அணுகவில்லை. இது மூன்றாம் முறை என்றார் அவர். ஒரு பட்டறையில், “சென்சார் போச்சுங்க, முழு பாடியுமே மாத்தோணுங்க” என்று சொல்லிப் பல ஆயிரம் ரூபாய் கேட்டிருக்கிறார்கள். அத்தொகைக்கு ஊராட்சியில் ஏதேனும் கடனுதவி உண்டா என்று கேட்கவே அவர் அலுவலகத்திற்கு வந்தார். கடனைப்பற்றிப் பேசுவதற்கு முன்னால் வண்டியைப் பார்ப்போம் என்று நான் கூறினேன். வாலிபப் பருவத்திலிருந்தே இவ்விஷயத்தில் எனக்குச் சிறிது பித்து உண்டு.

முதலில் சென்சார் என்பது யாதெனக் காண்போம். பழைய வண்டிகளில் காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் வேலையைக் கார்புரேட்டர் செய்து வந்தது. 2006-ல் ஹீரோ ஹோண்டா கிளாமர் வண்டியின் ஒரு வகையிலும், 2008-ல் யமஹா ஆர்15 வண்டியிலும், 2009-ல் நம் சென்னையில் உற்பத்தியான ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 500 வண்டியிலும் பெட்ரோலை அளந்து பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் முறை வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகை விதி நடைமுறைக்கு வந்த பின்னர் புதிய வண்டிகள் ஏறக்குறைய யாவும் இம்முறைக்கு மாறிவிட்டன. முற்பட்ட இன்ஜெக்‌ஷன் வண்டிகளே இப்பொழுது கிராமங்களில் இரண்டாம் கையாகவும் மூன்றாம் கையாகவும் விலைக்கு வருகின்றன.

பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்கால் பாசனத்தை அறிந்தவர்களுக்கு இதன் இயக்கத்தை எளிதில் விளக்கலாம். வாய்க்காலில் ஷட்டர் இருப்பதுபோல, இயந்திரத்திற்குக் காற்றுப் போகும் வழியில் வட்டமான தகடு ஒன்று இருக்கிறது. நாம் ஆக்ஸிலேட்டரைத் திருகும்போது கேபிள் அத்தகட்டைத் திறக்கிறது. ஷட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை லஸ்கர் மேலிடத்திற்குத் தெரிவிப்பதுபோல, தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை வண்டியின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தெரிவிப்பதே திராட்டில் சென்சாரின் கடமை. அப்பெட்டி அந்தச் செய்தியை நம்பியே பெட்ரோலை அளக்கிறது. அடைத்த ஷட்டரைக் கால்பங்கு திறந்திருப்பதாக லஸ்கர் சொன்னால் கணக்கு முழுவதும் தவறிவிடும் அல்லவா? இங்கும் அவ்வாறே. சில கார்புரேட்டர் வண்டிகளிலும் இத்தகைய சென்சார் உண்டு. அங்கே அது பெட்ரோலை அளப்பதற்கன்று. பிளக்கில் பொறி எழும் நேரத்தை மாற்றுவதற்கேயாகும்.

சென்சாரின் உள்ளமைப்பு வானொலிப் பெட்டியில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழை ஒத்தது. மூன்று ஒயர்கள் உண்டு. ஒன்றில் 5 வோல்ட் மின்சாரம் வரும், ஒன்று எர்த், மூன்றாவது செய்தி சொல்லும் ஒயர். தகடு மூடியிருக்கையில் அதில் பெரும்பாலும் அரை வோல்ட்டுக்கும் ஒரு வோல்ட்டுக்கும் இடைப்பட்ட அளவும், முழுவதும் திறக்கையில் 4 வோல்ட்டை ஒட்டிய அளவும் காணப்படும். சரியான எண் வண்டிக்கு வண்டி மாறுமாதலால் அந்தந்த வண்டியின் பழுதுபார்க்கும் கைநூலில் உள்ளதையே பிரமாணமாகக் கொள்ள வேண்டும்.

வண்டி திணறியவுடன் சென்சாரின்மீது பழி போடுவது தவறு. அதே குறிகளைக் காட்டும் எளிய காரணங்கள் பல உண்டு. அவற்றை முதலில் விலக்க வேண்டும். ஆக்ஸிலேட்டர் பிடியில் 2 முதல் 4 மில்லிமீட்டர் அளவு வெறுமனே ஆடும் தளர்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள். பின்னர் வண்டியை நியூட்ரலில் ஓடவிட்டு, ஹேண்டில்பாரை இடக்கோடி முதல் வலக்கோடி வரை மெல்லத் திருப்புங்கள். இயந்திரத்தின் ஓசை ஏறி இறங்குமாயின் குற்றம் கேபிளில் இருக்கிறது. காசு செலவில்லாத இச்சோதனையைச் செய்யாமலே சென்சாரை மாற்றியவர்கள் பலரை நான் அறிவேன். பேட்டரி ஓய்வில் 12 வோல்ட்டுக்குக் கீழே நின்றால் முதலில் அதைச் சார்ஜ் செய்ய வேண்டும். இயந்திரத்தோடு திராட்டில் பாடியை இணைக்கும் ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தால் கள்ளக் காற்று புகும். வண்டி ஓடுகையில் அவ்விடத்தில் சிறிது தண்ணீர் தெளித்தால் ஓசை மாறுவதிலிருந்து அதை அறியலாம். சென்சார் ஒயரின் கப்ளரைக் கழற்றிப் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். வாட்டர் சர்வீஸில் வேகமாகத் தண்ணீர் அடிப்பதனால் அங்கே ஈரம் தங்கிவிடுகிறது. கப்ளரைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் சாவியை அணைத்து வைக்க மறக்கலாகாது.

இவையெல்லாம் சரியாக இருப்பின் மல்டிமீட்டரை எடுக்கலாம். அதை நேர் மின்சாரம் 20 வோல்ட் அளவில் வைத்து, கறுப்பு முனையைச் சென்சாரின் எர்த் ஒயரிலும், சிவப்பு முனையைச் செய்தி ஒயரிலும் கப்ளரின் பின்புறமாக மெல்லிய ஊசி நுழைத்துத் தொடவேண்டும். ஒயரின் தோலைக் குத்தினால் பின்னாளில் அங்கே துரு ஏறும். சாவியைப் போட்டு, இயந்திரத்தை இயக்காமல், மூடிய நிலையின் அளவைக் குறித்துக் கொள்ளுங்கள். பின்னர் ஆக்ஸிலேட்டரை மிக மெதுவாகத் திருகுங்கள். எண் படிப்படியாக, எங்கும் துள்ளாமல், விழாமல் ஏறவேண்டும். ஓரிடத்தில் திடீரென விழுந்து எழுந்தால் சென்சாரின் உட்தடம் தேய்ந்துவிட்டது என்று பொருள். நம் கிராமச் சாலைகளில் மெதுவாகவே ஓட்டுவதால், மூடிய நிலைக்குச் சற்று மேலுள்ள பகுதியே முதலில் தேயும். அதனைச் சரிக்கட்ட வழியில்லை, மாற்றத்தான் வேண்டும். இச்சோதனைக்கு எண் காட்டும் மீட்டரைவிட, மோட்டார் பம்பு பழுதுபார்ப்பவர்களிடம் உள்ள பழைய முள் மீட்டரே மேலானது. முள்ளின் துடிப்பு கண்ணுக்குத் தப்பாது. சோதனை பல்பை மட்டும் இந்த ஒயர்களில் ஒருபோதும் வைக்காதீர்கள். அது இழுக்கும் மின்சாரத்தால் கட்டுப்பாட்டுப் பெட்டியே கெட்டுவிடக்கூடும். அதன் விலை சென்சாரினும் பன்மடங்கு.

எண் சீராக ஏறி, மூடிய நிலையில் மட்டும் கைநூலினின்று வேறுபட்டால் அதுவே சரிசெய்யத்தக்க பழுது. அப்போதும் திருப்புளியை எடுக்குமுன் திருகுகளின் தலையில் தொழிற்சாலையில் இட்ட பெயின்ட் அடையாளத்தைக் காணுங்கள். எந்தத் திருகின் பெயின்ட் உடைந்திருக்கிறதோ அதுவே அசைக்கப்பட்ட திருகு.

நமது விவசாயியின் வண்டியில் இதுதான் வழிகாட்டிற்று. கைநூல் 0.6 வோல்ட் என்றது, மீட்டர் 0.4 காட்டியது. சென்சாரைப் பிடித்திருந்த இரு திருகுகளின் பெயின்ட் உடையவில்லை. தகடு முற்றும் மூடாமல் தடுத்து நிறுத்தும் திருகின் பெயின்ட் உடைந்திருந்தது. பின்னர் ஹேண்டில்பார் சோதனையைச் செய்தோம். (முதலில் செய்திருக்க வேண்டியதை நானும் அவசரத்தில் பின்னுக்குத் தள்ளிவிட்டேன்.) வலப்புறம் திருப்பியபோது ஓசை ஏறிற்று. கேபிளின் மேலுறை ஹேண்டிலருகே வெடித்திருந்தது. அதனால் வண்டி அதிகமாக முழங்கவே, யாரோ ஒருவர் அந்தத் தடுப்புத் திருகைத் தளர்த்தி முழக்கத்தை அடக்கியிருக்கிறார். அதன் விளைவாக, ஹேண்டில் நேராக இருக்கையில் தகடு அளவுக்கு மீறி மூடிக் காற்றின்றி வண்டி அணைந்து வந்தது. கேபிளை மாற்றி, தடுப்புத் திருகை மீட்டரைப் பார்த்தவாறே 0.6 வரும்வரை உள்ளே திருகினோம். சென்சாரைத் தொடவேயில்லை.

சென்சாரே நகர்ந்திருந்தால் வேறு முறை. பாடியின்மீதும் சென்சாரின்மீதும் சேர்த்து ஒரு கோடு கீறிக்கொண்டு, இரு திருகுகளையும் சற்றே தளர்த்தி, மயிரிழை அளவு திருப்பி எண்ணைக் கவனிக்க வேண்டும். திருகை இறுக்கும்போது எண் சிறிது விலகுமாதலால் இறுக்கிய பின் மறுபடியும் பார்ப்பது முக்கியம். சென்சாரின் திருகுத் துளை நீளவாட்டில் இல்லாமல் வட்டமாக இருந்தால் அது சரிசெய்வதற்கென அமைக்கப்பட்டதன்று. அரத்தால் துளையை அகலப்படுத்துவோர் சிலர் உண்டு, அதனை அனுமதிக்காதீர்கள்.

கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி. டி. நாயுடு அவர்கள் இளமையில் ரட்ஜ் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, அதை அக்கக்காகக் கழற்றி மறுபடியும் பூட்டியே இயந்திரக் கலையைப் பயின்றார் என்பது நம் மாவட்டத்தில் அறியாதார் இல்லை. அந்நாளைய வண்டியில் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தன. இன்று சில நூறு ரூபாய் விலையுள்ள ஒரு மீட்டர் கண்ணுக்குத் துணையாக வேண்டியிருக்கிறது. பால் சங்கத்திலோ ஊராட்சி அலுவலகத்திலோ ஒன்றை வாங்கி வைத்தால், தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்த உள்ளூர் இளைஞர் எவரும் இச்சோதனையைக் கால் மணி நேரத்தில் செய்து காட்டிவிடுவர். பட்டறைக்குச் செல்லும்போது, மூடிய நிலையில் இத்தனை வோல்ட், முழுதும் திறந்தால் இத்தனை வோல்ட் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். எமது விவசாயி கேபிளுக்கும் கூலிக்கும் கொடுத்தது ஐந்நூறு ரூபாய்க்குள்ளாகவே அடங்கிற்று. கடன் விண்ணப்பத்தை அவர் நிரப்பவில்லை.