வேலை செய்யாமலே களைப்பது ஏன்?

ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிப் பிடித்தபடி அசையாமல் நில்லுங்கள். இயற்பியல் கணக்குப்படி இப்போது நீங்கள் வாளியின்மீது செய்யும் வேலை சுழி. விசையை இடப்பெயர்ச்சியால் பெருக்கினால் கிடைப்பதே வேலை, வாளிதான் நகரவில்லையே! ஆனால் சற்று நேரத்தில் கை கடுக்கிறது. இது எப்படி?

அதே வாளியைச் சுவரில் அடித்த ஆணியில் மாட்டினால் ஆணி களைப்பதில்லை. தசை ஆணியைப் போன்றதன்று. நரம்பின் வழியே வரும் ஒவ்வொரு துடிப்புக்கும் தசைநார் ஒரு கணம் சுருங்கித் தளர்ந்துவிடும். பிடி நிலைக்க வேண்டுமானால் துடிப்புகள் இடைவிடாது வரவேண்டும். ஒவ்வொரு சுருக்கத்துக்கும் ஆற்றல் செலவாகி வெப்பமாகிறது. இறுகிய தசை தனக்குள் செல்லும் இரத்தக் குழாய்களையும் நெருக்கிவிடுகிறது. ஆகவேதான் வலி.

வாளி இல்லாமலும் நாம் இதையே செய்கிறோம். தேர்வு எழுதும் மாணவனைப் பாருங்கள். பேனாவைப் பிடிக்கத் தேவையான விசை மிகக் குறைவு. அவனோ விரல் வெளுக்கப் பிடித்திருக்கிறான். தோள்கள் காதை நோக்கி ஏறியிருக்கின்றன. பற்கள் கடித்தபடி இருக்கின்றன. தூக்கிய பாரம் ஏதுமில்லை. மாலையில் கழுத்து வலிப்பது மட்டும் உண்மை.

மூச்சின் கணக்கு

இந்த இறுக்கம் மூச்சையும் கெடுக்கிறது. கொள்ளளவு கூடினால் வாயுவின் அழுத்தம் குறையும் என்று 1662-இல் பாயில் சொன்ன விதிப்படியே நாம் மூச்சு விடுகிறோம். நெஞ்சறையின் அடியில் கவிழ்த்த கிண்ணம்போல் உள்ள உதரவிதானம் சுருங்கித் தட்டையாகும்போது நெஞ்சறை விரிகிறது; காற்று உள்ளே வருகிறது. அப்போது வயிறு சற்று முன்தள்ள வேண்டும். வயிற்றை இறுக்கிக்கொண்டால் உதரவிதானம் இறங்க இடமில்லை. கழுத்துத் தசைகள் மேல் மார்பைத் தூக்க, மூச்சு மேலோட்டமாகிறது.

இதில் என்ன நட்டம்? வளர்ந்தவர் ஒருவர் அமைதியாக இழுக்கும் மூச்சு சுமார் 500 மி.லி. அதில் ஏறக்குறைய 150 மி.லி. மூக்கிலும் மூச்சுக்குழலிலுமே தங்கி, பயன்படாமல் திரும்பிவிடும். எஞ்சிய 350 மி.லி.தான் நுரையீரலின் காற்றறைகளைச் சேரும். நிமிடத்துக்கு 12 மூச்சு என்றால் 4,200 மி.லி. மூச்சு 250 மி.லி.யாகக் குறைந்தால் உள்ளே சேர்வது 100 மி.லி. மட்டுமே, அதே அளவு காற்றுக்கு 42 முறை மூச்சுவிட வேண்டும்! 1,000 மி.லி. மூச்சாக இருந்தாலோ ஐந்து முறை போதும். குழாயை நிரப்பிக் காலிசெய்வதிலேயே உழைப்பை வீணாக்குவானேன்?

தளர்த்தும் முறை

இறுக்கம் நமக்குத் தெரிவதே இல்லை என்பதுதான் சிக்கல். எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1929-இல் வெளியிட்ட நூலில் இதற்கு வழி சொன்னார்: முதலில் வேண்டுமென்றே இறுக்கு, பிறகு விடு, வேறுபாட்டை உணர்ந்து பழகு.

நாற்காலியில் சாய்ந்து அமருங்கள். கைவிரல்களை ஐந்து விநாடி இறுக மூடி, சட்டென்று விட்டுவிடுங்கள். அரை நிமிடம் கை அப்படியே கிடக்கட்டும். பிறகு தோள், முகம், வயிறு, கால் என்று ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்.

அடுத்து வயிற்றின்மேல் ஒரு கையை வையுங்கள். கை உயரும்படி மூக்கால் நான்கு விநாடி இழுத்து, ஆறு விநாடி மெதுவாக விடுங்கள். மணிக்கட்டில் நாடியைத் தொட்டுப் பாருங்கள். மூச்சை விடும்போது நாடி சற்றே மெதுவாகலாம். இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வேலை அது. நாளுக்குப் பத்து நிமிடம் போதும்.

ஓர் எச்சரிக்கை. ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு விடாதீர்கள். இரத்தத்தில் கரியமில வாயு மிகக் குறைந்து தலை சுற்றும், விரல்கள் மரத்துப்போகும். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் "எல்லாம் மன இறுக்கம்தான்" என்று இருந்துவிடாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். மற்றபடி, இந்தப் பக்கத்தைப் புரட்டுமுன் உங்கள் தோள்கள் எங்கே இருக்கின்றன என்று ஒருமுறை பாருங்கள்!