நூலகர் காக்க வேண்டிய இரகசியம்

நோயாளி கூறுவதை மருத்துவர் பிறரிடம் சொல்லலாகாது. கட்சிக்காரர் கூறுவதை வழக்கறிஞர் வெளியிடலாகாது. இவற்றை யாவரும் அறிவர். ஆனால், வாசகர் எந்த நூலை எடுத்தார் என்பதை நூலகரும் வெளியிடலாகாது என்பதைப் பலர் அறியார். நூல்களை அடுக்கி வைப்பதும் எடுத்து வழங்குவதும் நூலகரின் வேலை. வாசகரின் நம்பிக்கையைக் காப்பது அவருடைய அறம்.

ஒருவர் காசநோயைப் பற்றிய நூலை நாடுகிறார். மற்றொருவர் மணமுறிவுச் சட்டத்தைப் பற்றிய நூலைக் கேட்கிறார். இச்செய்தி அண்டை வீட்டாருக்கோ முதலாளிக்கோ எட்டுமாயின், அவர்கள் மறுபடியும் நூலகத்தின் படியேறுவரோ? அறிவை நாடுவோர் அஞ்சி விலகிய பின், எத்தனை நூல்கள் இருந்தும் பயன் என்ன?

இதனை உணர்ந்தே அமெரிக்க நூலகச் சங்கம் 1939-ஆம் ஆண்டில் ஏற்ற நெறிமுறையில், வாசகரோடு பழகுவதால் தெரியவரும் அந்தரங்கச் செய்திகளை இரகசியமாகக் காத்தல் நூலகரின் கடமை என்று விதித்தது. நூலகச் சங்கங்களின் அனைத்துலகக் கூட்டமைப்பு 2012-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறையும் இதனை வலியுறுத்துகிறது.

நூல் வழங்கும் முறைக்கும் இவ்வறத்துக்கும் தொடர்பு உண்டு. கணினிக்கு முந்திய காலத்தில் வழங்கிய இரண்டு முறைகளை ஒப்பிட்டால் இது விளங்கும். நியூவார்க் முறையில், நூலுக்குரிய அட்டையில் அதை எடுத்தவரின் எண் எழுதப்படும். நூல் திரும்பிய பின்னும் அந்த எண் அட்டையிலேயே நிற்கும். பிரௌன் முறையிலோ, வாசகரின் சீட்டும் நூலின் அட்டையும் ஒன்றாகச் செருகி வைக்கப்படும். நூல் திரும்பியதும் இரண்டும் பிரிக்கப்படும். அதன்பின் யார் எதைப் படித்தார் என்பதற்குச் சுவடே இராது. இல்லாத பதிவை எவரும் கேட்டுப் பெற இயலாதன்றோ? நூல் திரும்பியதும் கணினியிலுள்ள கடன் பதிவிலிருந்து வாசகரின் பெயரை நீக்கிவிடும் நூலகங்கள் இன்று பின்பற்றுவதும் இதே வழியைத்தான்.

அதிகாரம் உடையோர் கேட்டால் என் செய்வது? 2005-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் இவ்வினா எழுந்தது. நூலகக் கணினி ஒன்றைக் குறிப்பிட்ட ஒரு நாளில், 45 நிமிட நேரத்துள் பயன்படுத்தியோர் பற்றிய விவரங்களைக் கேட்டு மத்தியப் புலனாய்வுத் துறை கடிதம் கொடுத்தது. அதில் நீதிபதியின் ஆணை இல்லை. கடிதம் வந்த செய்தியையே வெளியில் கூறலாகாது என்ற தடையும் இருந்தது. நூலகர் நால்வர் இணங்காது நீதிமன்றத்தை நாடினர். 2006-ஆம் ஆண்டில் அரசு அத்தடையையும், பின்னர் தன் கோரிக்கையையும் கைவிட்டது.

அந்நால்வர் சட்டத்தை மீறினாரல்லர். சட்டத்தின் வழியிலேயே நியாயம் கேட்டனர். நீதிமன்றம் முறைப்படி ஆணையிட்டால் நூலகர் பணியவே வேண்டும். ஆனால், கேட்பவரின் பதவிக்காகவோ நட்புக்காகவோ பதிவேட்டைத் திறந்து காட்டுதல் தகாது.

பள்ளி நூல் அலமாரியின் சாவியை வைத்திருக்கும் ஆசிரியருக்கும் இந்நெறி பொருந்தும். மாணவன் எடுத்த நூலின் பெயரை வகுப்பில் கூறி நகைப்பவர், அவன் அடுத்த நூலைத் தேடி வரும் வழியை அடைத்துவிடுகிறார்.